ஒலேத்தா மனையின் தாய்ப்பத்திரம்

வீடு வாங்கிய ஆண்டு கோடையில் அப்பா எங்களுடன் ஆறு மாதம் தங்குவதற்காகக் கன்சாஸ் வந்தார். வந்தவாசியில் நாற்பத்தொரு ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவர் அவர். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், பின்கட்டுப் புல்வெளியில் நின்று நாலு திசையையும் நிதானமாக நோக்கினார், உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “தாய்ப்பத்திரம் எங்கேம்மா?” என்பதுதான். வீட்டின் விலையையோ, வட்டி விகிதத்தையோ அவர் கேட்கவில்லை. நான் கோப்பை எடுத்துக் கொடுத்தேன். வங்கிக் கடனுக்கான தாள்கள் நூறு பக்கத்துக்கு மேல் இருந்தன. கிரயப் பத்திரம் இரண்டே பக்கம். அதில் எங்கள் மனையின் நான்கு எல்லைகள் எழுதப்படவில்லை. ஒலேத்தா நகரத்தில், இன்ன மனைப்பிரிவில், இன்ன எண் மனை என்பதோடு சொத்து விவரம் முடிந்துவிட்டது. எங்களுக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு முன்னால் யார் என்ற முன் ஆவண வரலாறு ஒரு வரிகூட இல்லை. இங்கே அதற்குப் பதிலாக உரிமைக் காப்பீடு என்று ஒன்று உண்டு, விற்றவரின் உரிமையில் பின்னாளில் ஏதாவது குறை தெரியவந்தால் காப்பீட்டு நிறுவனம் ஈடு செய்யும் என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “வில்லங்கம் வந்தால் பணம் கொடுப்பேன் என்பதும், வில்லங்கம் இல்லை என்பதும் ஒன்றாம்மா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அது என்னை விடவுமில்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாட்டில் வாழ்கிறேன். அமெரிக்கா மேற்கு நோக்கி விரிந்த கதையைப் படித்திருக்கிறேன். அதில் இழைக்கப்பட்ட அநீதிகளையும் பொதுவாக அறிந்திருக்கிறேன். ஆனால் ‘பொதுவாக’ அறிந்த ஒன்று நம்மைத் தொடுவதில்லை. நான் தினமும் கால் வைத்து நடக்கும் இந்தக் கால் ஏக்கர் மண் எப்படி எனக்கு விற்கத்தக்க பொருளாயிற்று என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அப்பா கேட்டது சட்டக் கேள்விதான். அவருடைய தொழிலில் அதற்கு உணர்ச்சி கிடையாது. ஒரு நிலத்தை வாங்குகிறவர் குறைந்தது முப்பது ஆண்டுக்காவது பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும். விற்கிறவருக்கு விற்கும் உரிமை இருந்ததா, அவருக்குக் கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்று கண்ணி கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எங்கேனும் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் அவர் பேனாவைத் திறக்கமாட்டார்.

ஏக்கருக்கு மூன்று சென்ட்

அந்த இலையுதிர் காலத்தில் என் மகன் பள்ளிக்காக ஒரு வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். இங்கே படித்த எல்லோருக்கும் தெரிந்த வரைபடம்தான் அது. கிழக்கே முதல் 13 மாநிலங்கள் ஒரு நிறம். 1803-இல் பிரான்ஸிடம் வாங்கிய லூசியானா நடுவில் பெரும் பச்சைப் பரப்பு. பிறகு புளோரிடா, 1845-இல் டெக்சஸ், 1846-இல் ஆரிகன், 1848-இல் மெக்சிகோ விட்டுக்கொடுத்த பகுதி, 1853-இல் தெற்கு ஓரத்தில் ஒரு சிறு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஆண்டு எழுதியிருக்கும். பச்சை வண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே அவன் தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னான்: 8,28,000 சதுர மைல், ஒன்றரைக் கோடி டாலர், ஏக்கருக்கு மூன்று சென்ட்தான் விலை. அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. அவரைப் பொறுத்தவரை சென்ட் என்பது நிலத்தின் அளவு; ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு. அது இங்கே காசு என்று விளங்கியதும் வேறொரு கேள்வி கேட்டார். “பிரான்ஸ்காரன் விற்றான், சரி. அப்போது அனுபவம் யாரிடம் இருந்தது?”

அனுபவம் என்று அவர் சொன்ன சொல்லை என் மகனுக்கு மொழிபெயர்க்க நான் திணறினேன். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. மண்ணில் இறங்கி உழுது, அறுத்து, மாடு மேய்த்து, பிணம் புதைத்து வாழ்கிறவர் யார் என்பது மற்றொன்று. பத்திரம் ஒருவரிடமும் அனுபவம் வேறொருவரிடமும் இருக்கும் சொத்தை வாங்க வருகிறவர்களை அப்பா எச்சரித்து அனுப்பிவிடுவார். 1803 ஏப்ரல் 30 தேதியிட்ட பாரிஸ் உடன்படிக்கையின்போது அந்தப் பச்சைப் பரப்பின் நிலை என்ன? பிரான்ஸ் அதை 1762-இல் ஸ்பெயினுக்குக் கொடுத்திருந்தது. 1800-இல் ஓர் இரகசிய உடன்பாட்டின் மூலம் திரும்பப் பெற்றது. ஆனால் விற்ற நாளன்றுகூட நியூ ஆர்லியன்ஸில் ஆட்சி நடத்தியவர்கள் ஸ்பெயின் அதிகாரிகள். பிரான்ஸ் அந்த நகரத்தைக் கையில் வாங்கியது நவம்பர் 30-இல். அமெரிக்காவிடம் ஒப்படைத்தது டிசம்பர் 20-இல். மூன்று வாரம். அந்த நகரத்தையும் செயின்ட் லூயியையும் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் சிலவற்றையும் தாண்டினால் இந்த மூன்று அரசுகளுக்கும் அங்கே அனுபவம் ஏதும் இல்லை. ஓசேஜ், கான்சா, பானி, லகோட்டா, மாண்டான் எனப் பல மக்களிடம் அது இருந்தது. பாரிஸில் கையெழுத்திட்டவர்களுக்கும் இது தெரியும். உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு, பூர்வகுடிகளோடு ஸ்பெயின் செய்துகொண்ட ஒப்பந்தங்களை அமெரிக்கா மதித்து நடக்கும் என்றும், இரு தரப்பும் சம்மதித்து வேறு ஏற்பாடு செய்யும்வரை அவை நீடிக்கும் என்றும் சொல்கிறது. நிலம் காலியாக இருந்ததாக அந்தப் பத்திரமே சொல்லவில்லை.

அப்படியானால் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியதுதான் என்ன? நிலத்தை அல்ல. இந்த நிலத்தை அதன் உரியவர்களிடமிருந்து இனி நான் மட்டுமே வாங்கலாம், வேறு எந்த அரசும் வரக்கூடாது என்ற உரிமையை வாங்கியது. நிலத்தை அதற்குப் பிறகுதான், துண்டு துண்டாக, நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள், ஒப்பந்தம் ஒப்பந்தமாக வாங்க வேண்டியிருந்தது. பள்ளி வரைபடத்தில் ஒரே பச்சையாகத் தெரிவதன் மேல் இன்னொரு வரைபடத்தை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான துண்டுகளும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆண்டும் இருக்கும். நாடு விரிந்த உண்மையான வரலாறு அந்த இரண்டாவது வரைபடத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றிரவுதான் உறைத்தது. நானும் அப்பாவும் எங்கள் கால் ஏக்கரின் தாய்ப்பத்திரத்தைத் தேடத் தொடங்கினோம்.

சங்கிலி

பின்னோக்கிச் செல்வது இங்கே எளிது. அதை நான் மறைக்கக்கூடாது. கவுன்ட்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின், பத்திரப் பதிவகத்தில் ஆவணங்கள் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அரசு முதன்முதலாக வழங்கிய நிலப் பட்டாக்களின் படிகளை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். எங்களுக்கு விற்றவர், அவருக்கு முந்தையவர், மனைப்பிரிவு போட்ட கட்டுமானக்காரர், அதற்கு முன் மக்காச்சோளமும் கோதுமையும் விளைவித்த விவசாயக் குடும்பங்கள் என்று வரிசை வந்தது. மனைப்பிரிவைத் தாண்டியதும் சொத்து விவரத்தின் மொழி மாறியது: இன்ன பிரிவின் கால் பகுதி, 13-ஆம் தெற்கு நகரியம், ஆறாம் தலைமை நெடுங்கோட்டுக்குக் கிழக்கே 24-ஆம் வரிசை. இதை வாசித்துக் காட்டியதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. ஊர், ஆறு, மரம், பக்கத்து நிலத்துக்காரன் பெயர் எதுவும் வேண்டாமல் பூமியின் மேல் ஒரு கட்டத்தை மட்டும் வைத்தே ஒரு வயலைச் சுட்ட முடியும் என்பது அவருடைய தொழிலறிவை வசீகரித்தது.

அந்தக் கட்டம் 1785 மே 20-இல் காங்கிரஸ் இயற்றிய நிலச் சட்டத்தில் பிறந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு நகரியம். அதனுள் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகள். பதினாறாம் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு. பின்னாளில் ஏற்பட்ட வழக்கப்படி பிரிவுகளின் எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே சென்று, அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் ஓட்டுகிறவன் சால் திருப்புவதுபோல மாறி மாறிச் செல்லும். அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று, பென்சில்வேனியாவின் மேற்கு எல்லை ஒஹையோ ஆற்றைத் தொடும் இடத்தில் தாமஸ் ஹட்சின்ஸ் அளக்கத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் இழுத்துச் சென்ற சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணி. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தொடர்ந்தார்: ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். வந்தவாசியின் பழைய நில அளவைப் புத்தகங்களில் ‘லிங்க்ஸ்’ என்று எழுதியிருப்பது இதே கண்ணிதான். ஆங்கிலேயர்கள் இரண்டு கண்டங்களுக்குக் கொண்டுபோன ஒரே சங்கிலி. எங்கள் வீட்டருகே 135-ஆம் தெருவிலிருந்து 143-ஆம் தெருவரை சரியாக ஒரு மைல், அங்கிருந்து 151-ஆம் தெருவரை இன்னொரு மைல். நான் வேலைக்குக் காரோட்டும் சாலைகள் எல்லாம் அந்தச் சங்கிலி விழுந்த கோடுகள் என்று தெரிந்தபின் அவற்றில் பழையபடி போய்வர முடியவில்லை.

1785-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் வரிகளிலேயே, அளக்கப்படவிருப்பது பூர்வகுடிகளிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட நிலம் என்ற சொற்றொடர் இருக்கிறது. இரண்டாண்டு கழித்து வந்த வடமேற்குப் பிரதேசச் சட்டம், பூர்வகுடிகளின் நிலமும் உடைமையும் அவர்களுடைய சம்மதமின்றி ஒருபோதும் எடுக்கப்படமாட்டா என்று உறுதி கூறியது. பத்திர எழுத்தருக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. “பார்த்தாயா, முறையாகத்தான் செய்திருக்கிறார்கள்” என்றார். வன்முறையால் பிடுங்கினார்கள் என்றே நினைத்திருந்த எனக்கும் இது புதிது. அவர்கள் காகிதத்தில் மிகுந்த அக்கறை காட்டினார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒப்பந்தம், சாட்சி, கைநாட்டு, தொகை எல்லாம் இருக்கின்றன.

கால் பகுதியின் முதல் பட்டாவைக் கண்டுபிடித்தபோது, அது ஷானி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஒரு மனிதரின் பெயரில் இருந்தது. குடியேறிய வெள்ளை விவசாயி ஒருவரின் பெயரையே நான் எதிர்பார்த்திருந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இனி மெதுவாகப் படி என்றார்.

ஷானிகள் கன்சாஸுக்கு உரியவர்கள் அல்லர். அவர்களுடைய ஊர்கள் ஒஹையோவில் இருந்தன. நிலத்தை ஒரு இனக்குழு தனியாக விற்க முடியாது, எல்லோரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்று 1810-இல் இந்தியானா பிரதேச ஆளுநர் ஹாரிசனுக்கு முன்னால் நின்று வாதாடிய டெகும்சே ஷானி இனத்தவர். மூன்றாண்டில் போரில் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர், தீர்க்கதரிசி என்று அறியப்பட்ட டென்ஸ்குவாடாவா, எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்றைய கன்சாஸ் சிட்டியில் 1836-இல் இறந்தார் என்பதை இந்தத் தேடலில்தான் அறிந்தேன். மிசௌரியில் வாழ்ந்த ஷானிகளோடு 1825 நவம்பர் 7-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கன்சாஸ் ஆற்றுக்குத் தெற்கே அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது, மொத்தம் 16 லட்சம் ஏக்கர். ஒஹையோவில் எஞ்சியிருந்தவர்கள் 1831 ஒப்பந்தத்தின்படி இங்கே வந்து சேர்ந்தார்கள். அதே 1825-இல், ஐந்து மாதம் முன்பு, ஜூன் 3 அன்று, இந்த நிலத்தைக் கான்சா மக்கள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 3,500 டாலர், இருபது ஆண்டுகளுக்கு. இரண்டு ஒப்பந்தங்களிலும் அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் வில்லியம் கிளார்க், இருபது ஆண்டு முன்னால் மெரிவெதர் லூயிஸுடன் மிசௌரி ஆற்றின் வழியே பசிபிக் வரை சென்று திரும்பியவர். கான்சாக்களின் பெயர் மாநிலத்துக்கு நிலைத்துவிட்டது. அவர்கள் 1873-இல் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

நிரந்தரம் என்று சொல்லிக் கொடுத்த ஷானி நிலம் முப்பது ஆண்டுகூட நிற்கவில்லை. 1854 மே 10-இல் வாஷிங்டனில் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. 16 லட்சம் ஏக்கரில் 2 லட்சம் போக மற்றதெல்லாம் அரசுக்கு. தொகை 8,29,000 டாலர், அதையும் தவணைகளாக. ஏக்கருக்கு ஏறக்குறைய 60 சென்ட் வருகிறது. அன்று அரசு தன் நிலத்தைக் குடியேறிகளுக்கு விற்ற குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 1.25 டாலர். மீதமிருந்த 2 லட்சம் ஏக்கர் ஆளுக்கு 200 ஏக்கராகப் பிரிக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இருபதாம் நாள், மே 30-இல், கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தில் குடியரசுத் தலைவர் பியர்ஸ் கையெழுத்திட்டுப் பிரதேசத்தைக் குடியேற்றத்துக்குத் திறந்தார். ஒப்பந்தத்துக்கு செனட்டின் ஒப்புதல் கிடைத்தது ஆகஸ்டில். அதற்குள் வண்டிகள் வந்துவிட்டன.

ஒரே ஒருவர்

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “இந்த ஷானிக்காரர்கள் ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கொடுக்கிறவனிடமே நேராக விற்றிருக்கலாமே, ஏன் அறுபது காசுக்கு அரசாங்கத்திடம் விற்றார்கள்?”

விற்க முடியாது என்றேன். அரசைத் தவிர வேறு யாருக்கும் பூர்வகுடிகள் நிலத்தை விற்க முடியாது. 1790-இலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. 1823-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒரு வழக்கின் தீர்ப்பில் அதை நாட்டின் நிலச் சட்டத்துக்கே அடித்தளமாக்கினார். அந்த வழக்கில் ஒரு தரப்பு 1773-லும் 1775-லும் இல்லினாய், பியாங்கெஷா மக்களிடம் நேரடியாக வாங்கியது. மற்றொரு தரப்பு 1818-இல் அரசிடம் வாங்கியது. நேரடியாக வாங்கியது செல்லாது என்பது தீர்ப்பு. கண்டுபிடித்த ஐரோப்பிய அரசுக்கே, அதன் வாரிசாகிய அமெரிக்காவுக்கே, நிலத்தின் மூல உரிமை. பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டும். இது நியாயமா என்ற விவாதத்துக்குள் நுழையப்போவதில்லை என்று மார்ஷல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். வெற்றி ஓர் உரிமையைத் தருகிறது, அதை வென்றவரின் நீதிமன்றங்கள் மறுக்க முடியாது. அந்தக் கோரிக்கையின் ஆதி நியாயத்தைப் பற்றித் தனி மனிதர்கள் என்ன எண்ணினாலும் சரி என்று அவர் எழுதினார். நான் அதை வாசித்துத் தமிழில் சொன்னேன். அப்பா இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுபடி பேசியபோது தாத்தாவின் நிலத்தைப் பற்றிச் சொன்னார். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது, ஊருக்கு வெளியே சுற்றுச்சாலை போடுவதற்காகத் தாத்தாவின் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டில் 38 சென்ட் எடுக்கப்பட்டது. கிணறும் அந்தத் துண்டில் போய்விட்டது. அறிவிப்பு வந்தது, விசாரணைக்கு அழைத்தார்கள், தொகையை அவர்களே நிர்ணயித்தார்கள், பல ஆண்டு கழித்துக் காசோலை வந்தது. எல்லாம் முறைப்படி. அதற்குப் பிறகு ஒருநாள், குடும்பப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது, மீதி நிலத்தின் வரலாற்றில் ‘38 சென்ட்டை விற்றது போக’ என்று அப்பா எழுதிவிட்டாராம். தாத்தா படிக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட மறுத்திருக்கிறார். “நான் விற்கவில்லை. கொடு என்றார்கள், கொடுத்தேன். விற்றேன் என்று எழுதாதே.” அப்பா அந்த முத்திரைத்தாளைக் கிழித்துவிட்டு, ‘நில எடுப்பில் போக’ என்று புதிதாக எழுதியிருக்கிறார்.

“கிரயம் என்றால் பணம் கைமாறுவது இல்லைம்மா” என்றார் அப்பா. “பிறர் தூண்டுதல் இல்லாமல், முழுமனச் சம்மதத்துடன் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதுகிறோமே, அதுதான் கிரயம். வாங்குகிறவன் ஒருவன்தான், விலையும் அவன் சொல்வதுதான், மாட்டேன் என்று சொன்னால் அடுத்த வழி கிடையாது என்றால் அது எடுப்பு. பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.”

எனக்குள் நெடுநாளாக முடிச்சாக இருந்த ஒன்று அந்த இடத்தில் அவிழ்ந்தது. நான் அதுவரை இரண்டு கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயன்றுகொண்டிருந்தேன்: முறைப்படி வாங்கினார்கள் என்று பெருமை கொள்ளும் கதை, துப்பாக்கி முனையில் பறித்தார்கள் என்ற கதை. துப்பாக்கியும் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாட்டின் பெரும் பரப்பு கைமாறியது ஒப்பந்தத் தாளில். பறிப்பும் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டது. ஒரே ஒருவர்தான் வாங்கலாம் என்ற அந்த ஒற்றை விதியில் மற்றதெல்லாம் அடக்கம். போட்டிக்கு ஆள் இல்லாததால் விலை விழும். காத்திருந்தால் குடியேறிகள் வந்து வேலி போட்டுவிடுவார்கள், அவர்களை அகற்றவும் அதே அரசிடம்தான் முறையிட வேண்டும். லூசியானாவை வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1803 பிப்ரவரி 27 அன்று, அன்றைய குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் ஆளுநர் ஹாரிசனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அரசின் வணிக நிலையங்களைப் பெருக்கி, பூர்வகுடித் தலைவர்கள் கடனில் மூழ்குவதைக் கண்டு மகிழ்வோம், கடன் கட்டமுடியாத அளவுக்கு வளர்ந்தால் நிலத்தை விட்டுக்கொடுத்துத் தீர்ப்பார்கள் என்பது அதன் கருத்து. கடனுக்கு நிலத்தை எழுதிக்கொடுக்க வந்த எத்தனையோ பேருக்கு அப்பா பத்திரம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை மட்டும் முழுக்கக் கேட்க அவர் விரும்பவில்லை.

தாத்தாவையும் ஷானிகளையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பதையும் நான் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு மீதி நிலம் இருந்தது, வீடு இருந்தது, அதே ஊரில் இறந்தார். தொகை போதாது என்று வழக்குப் போடவும் அவருக்கு வழி இருந்தது. ஷானிகள் ஒஹையோவிலிருந்து கன்சாஸுக்கும், கன்சாஸிலிருந்து ஓக்லஹோமாவுக்கும் குடும்பம் குடும்பமாகப் பெயர்க்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதைகுழிகளை விட்டுவிட்டு. ஒப்புமை ஒரு சொல்லை விளங்கவைத்தது, அவ்வளவே.

பிளாக் பாப் சாலை

என் மகனின் நீச்சல் வகுப்புக்கு வாரம் இருமுறை நான் போகும் சாலைக்குப் பிளாக் பாப் சாலை என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு பூங்காவும் இருக்கிறது. யாரோ ஒரு பழைய விவசாயியின் பெயர் என்று நினைத்திருந்தேன். பிளாக் பாப் ஒரு ஷானி தலைவர். 1854-இல் ஆளுக்கு 200 ஏக்கர் என்று பிரித்துக்கொள்ள மறுத்து, பழைய வழக்கப்படி பொதுவாகவே வைத்துக்கொள்வோம் என்று நின்ற குழு அவருடையது. அவர்களுக்குச் சுமார் 33,000 ஏக்கர் இந்தக் கவுன்ட்டியின் தென்கிழக்கில் ஒதுக்கப்பட்டது. உள்நாட்டுப் போரின்போது மிசௌரி எல்லையில் இரு தரப்புக் கொள்ளையர்களும் மாறி மாறிச் சூறையாடியதால் அவர்கள் தெற்கே ஓடினார்கள். போர் முடிந்து பார்த்தபோது நிலம் முழுக்க அந்நியர்கள் குடியேறியிருந்தார்கள். வழக்கும் முறையீடும் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. அவர்கள் திரும்பி வந்து வாழவில்லை. பொதுவில் வைத்துக்கொண்டவர்களுக்கு இது நேர்ந்தது. பிரித்து வாங்கியவர்களுக்கு வேறு விதம். அவர்களுடைய நிலத்துக்கு இந்தக் கவுன்ட்டி வரி போட்டது, கட்டாவிட்டால் ஏலம். தலைவர் சார்ல்ஸ் புளூஜாக்கெட் பெயரிலான வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மாநிலம் ஷானி நிலத்துக்கு வரி விதிக்க முடியாது என்று 1867-இல் தீர்ப்பு வந்தது, ஷானிகளுக்கு முழு வெற்றி. ஆனால் அதற்குள் அவர்களில் பலர் களைத்துப்போயிருந்தார்கள். 1869-இல் செரோக்கி மக்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு ஷானிகள் ஓக்லஹோமா சென்றார்கள். அங்கே செரோக்கிகளின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டார்கள். தனி இனமாக ஒன்றிய அரசின் ஏற்பு அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்.

எங்கள் கால் பகுதியைப் பட்டாவில் பெற்ற மனிதர் அதை ஒரு குடியேறிக்கு விற்றிருந்தார், சில ஆண்டுகளுக்குள். என்ன விலை, ஏன் விற்றார் என்பதற்கு ஆவணத்தில் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. 1854 ஒப்பந்தத்தை எழுதிய ஜார்ஜ் மேனிபென்னி அன்று பூர்வகுடி விவகாரங்களின் ஆணையர், கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். தனித்தனியாக நிலம் கையில் இருந்தால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று உண்மையாகவே நம்பினார். பிற்காலத்தில் அவர், இந்த ஒப்பந்தங்களால் என்ன விளையும் என்று இப்போது தெரிவது அப்போது தெரிந்திருந்தால், நான் செய்தது பெருங்குற்றம் என்றே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். இதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்திரம் எழுதியவர் பிற்பாடு அதைப் பற்றி இப்படிப் பேசிக் கேட்டதில்லை என்றார் அவர்.

ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் மகனின் கோடு போட்ட தாளில், தம் அழகான சாய்ந்த எழுத்தில் எங்கள் மனையின் முன் ஆவண வரலாற்றை எழுதினார். மேலே, ‘கான்சா மக்கள் நெடுங்காலமாய் ஆண்டு அனுபவித்து வந்த’ என்று தொடங்கியிருந்தது. 1825-க்கும் 1854-க்கும் எதிரே முதலில் ‘கிரயம்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு ‘நில எடுப்பு’ என்று திருத்தியிருந்தார். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில், பதிவு அலுவலகத்தில் செய்வதுபோலவே, சுருக்கொப்பம் இட்டிருந்தார். ஷானி மனிதர் குடியேறிக்கு விற்ற வரிக்கு எதிரே நெடுநேரம் எழுதாமல் இருந்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டார். நாங்கள் வாங்கிய வரிக்கு எதிரே ‘கிரயம்’ என்றே இருந்தது. இதை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“உனக்கு விற்றவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு ஒருவருக்கு விற்றிருக்கலாம். அதனால்” என்றார். தாளை நான்காக மடித்து, கோப்பில் காப்பீட்டுத் தாளுக்கு முன்னால் வைத்தார்.